டிப் செய்தாலும் எரிய வேண்டும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரியின் முகத்தில் வழக்கமான விளக்குகளுக்குக் கீழே இன்னும் இரண்டு விளக்குகள். கண்ணுக்குள் யாரோ சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. சாலை, கை, ஹேண்டில்பார் எல்லாம் காணாமல் போயின. அவை திரும்பக் கிடைத்தபோது நான் ஓரத்துச் சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தேன். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் கொஞ்சம் நனைந்தது. துணி மாற்றுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி இது:

"எதிரே வருகிறவனும் மனிதன்தான் என்ற நினைப்பே அந்த லாரி ஓட்டுநருக்குக் கிடையாது. பெரிய மீசையும் சிவந்த கண்ணுமாக அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு—"

மீசையிலேயே பேனா தடுக்கியது. கெட்டவனுக்கு அவசர அவசரமாக மீசை வைக்கிற எழுத்தாளனை நம்பாதீர்கள் வாசகரே. அவனிடம் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வரி:

"அந்த விளக்குகளைப் பொருத்தியவன் காசுக்காக எதையும் செய்கிற—"

இதுவும் போகவில்லை. லாரியில் விளக்கை எப்படிப் பொருத்துவார்கள் என்றே எனக்குத் தெரியாது. திட்டுவதற்காவது தெரிந்துகொள்ள வேண்டாமா? விசாரித்துக்கொண்டு கிளம்பினேன்.

2

லாரிகள் நிறுத்தும் மைதானத்தின் பின்பக்கம், டயர் கடைக்கும் எடைமேடைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய ஒர்க்‌ஷாப். லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்திரண்டு. ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரிலே அக்கா. ரிலே இல்லாமல் கூடுதல் விளக்கு மாட்ட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பாளாம்.*

நான் எழுதியிருந்த நாலு பக்கத்தை அவள் நின்றபடியே படித்தாள். படித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டாள்.

"பன்னெண்டு வோல்ட்டுன்னு போட்டிருக்கீங்க. அது கார். லாரிக்கு இருபத்திநாலு."

"சரி."

"ஒயரை ஈயம் வச்சுப் பத்தவச்சான்னு இருக்கு. லாரி ஆடுற ஆட்டத்துக்கு ஈயம் நிக்காது சார், விட்டுப் போயிடும். முனையில கிளிப் மாட்டி அழுத்திக் கடிக்க வைக்கணும்."

"மாத்திடறேன்."

கடைசிப் பக்கத்தில் பென்சில் நின்றது. "இந்த ஆளு ஏன் டிப் பண்ணல?"

"திமிர்தான், வேறென்ன?"

அவள் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள். "இருக்கலாம். ஆனா டிப் பண்ணா அவனுக்கு ஒண்ணுமே தெரியாம போறதாலயும் இருக்கலாம்ல? எங்க அண்ணன் அப்படித்தான் கேட்டு வந்தான்."

அதோடு அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மறுவாரம் போனபோது, "அண்ணனைக் கேட்டுட்டேன், சொல்லலாம்னுட்டான்" என்றாள். "பேரு மட்டும் போடாதீங்க. அவனை நல்லவனாக்குறேன்னு அழ வைக்காதீங்க. என்னையும் நல்லவளாக்காதீங்க."

மூன்றில் இரண்டு வாக்குறுதிகளைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

* ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் அதில் வந்து காத்து நிற்கும். ஒரு மெல்லிய ஒயர் 'போ' என்று சைகை கொடுத்தால்தான் மின்சாரத்தை விளக்குக்கு விடும். அந்த மெல்லிய ஒயரை எதில் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம். தூரத்துக்கு அடிக்கும் ஹை பீம் ஒயரில் சேர்த்தால், எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் டிப் செய்ததும், அதாவது வெளிச்சத்தைத் தாழ்த்தியதும், கூடுதல் விளக்குகளும் சேர்ந்து அணையும். தனி சுவிட்சில் சேர்த்தால் டிப் செய்தாலும் எரியும், எதிரே வருகிறவன் சேற்றில் நிற்பான். வேறு தொழில்நுட்பம் எதுவும் இந்தக் கதையில் இல்லை.

3

இனிமேல் கதையை அவள் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். லாரி ஓட்டுநர். பதினோரு வருடங்களாக ஒரே நிறுவனம், ஒரே சாலை. சாலையில் உள்ள பள்ளத்தையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பான் என்பதால் மற்ற ஓட்டுநர்கள் அவனை 'மனப்பாடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். "ரெண்டாவது பாலம் தாண்டி இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கு பாரு, அதுக்கு என் சர்வீஸ் வயசு" என்று பெருமையடிப்பான்.

அன்று காலை பத்து மணிக்கு லாரியை ஒர்க்‌ஷாப்பின் உள்ளே கொண்டுவந்து சுவரைப் பார்க்க நிறுத்தினான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு புது விளக்குகள்.

"நாலு மணிக்கு லோடு. அதுக்குள்ள மாட்டிடு பாப்பா."

நாற்பத்திரண்டு வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

"தூரத்துக்கு அடிக்கிற மாதிரி வைக்கவா?"

"தூரம் வேணாம். ஓரத்துக்கு அடிக்கணும், ரெண்டு பக்கமும்."

"ஓரத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னு தெரியணும்ல?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்புறம் தனி சுவிட்ச் வச்சிடு. டிப் பண்ணாலும் எரியணும்."

அவள் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. இதே அண்ணன், டிப் செய்யாமல் வந்த ஒருவனை நடுச்சாலையில் நிறுத்தி, இறங்கிப்போய், கால் மணி நேரம் பாடம் நடத்தியவன். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்துபோன கதையை அவனே பத்து தடவை சொல்லியிருக்கிறான்.

"எதிர்ல வர்றவன் என்ன ஆவான்?"

"அவன் பாத்துக்குவான்."

[இந்த இடத்தில் முதலில் 'அவளுக்குச் சுருக்கென்றது' என்று எழுதியிருந்தேன். அவள் அடித்துவிட்டாள். அப்போது ஒன்றும் சுருக்கென்று இல்லையாம். ஓட்டுநர்களுக்கு வயதானால் சுயநலம் வரும், இவனுக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாளாம்.]

4

வேலை தொடங்கியது. பம்பரில் இரண்டு பட்டைகளை முடுக்கி விளக்குகளை நிறுத்தினாள். எர்த் ஒயருக்காக லாரியின் இரும்புச் சட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் போல்ட்டை இறுக்கினாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தாள். ஒயர்களை நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சூடான இன்ஜின் பக்கம் போகாமல் சட்டத்தோடு சட்டமாகக் கட்டிக்கொண்டே போனாள். கடைசியில் மெல்லிய ஒயர் ஒன்று மட்டும் மிஞ்சித் தொங்கியது.

இடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. வண்டிக்கடியில் படுத்திருந்தவள் ஸ்க்ரூடிரைவரை அவன் பக்கமாக நீட்டி, "இதைப் பிடி" என்றாள். அவன் பிடிக்கவில்லை.

"எதை?"

"இதைத்தான்."

அவன் தலையை முழுதாகத் திருப்பி, கீழே குனிந்து, பிறகுதான் வாங்கினான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒயர்களை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். எதைப் பார்த்தாலும் தலையோடு சேர்த்துப் பார்த்தான். ஓடுகிற கார்களைப் பார்க்கிற கோழி மாதிரி, என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். உவமையை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அப்படித்தான் இருந்தது என்றாள்.

5

விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க இருட்டு வேண்டும். நண்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? அவள் ஷட்டரை இறக்கிவிடுவாள். அன்றும் இறக்கினாள். மெல்லிய ஒயரைத் தற்காலிகமாக பேட்டரியில் தொட வைத்ததும் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் விழுந்தன. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஒர்க்‌ஷாப் முழுக்கப் பரவியிருந்தது. செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம் என்றாள்.

அண்ணன் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

இந்தக் காட்சியை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "வழியில் யாரோ விட்டுப்போன ஸ்டூல் ஒன்று கிடந்தது. அண்ணன் அதைக் கவனிக்காமல்—"

அவள் அந்த வரியின் மேல் பென்சிலை வைத்து அழுத்தினாள். "யாரோ இல்ல. நான்தான் வச்சேன்."

"வேணும்னா?"

"வேணும்னேதான். அவன் கண் முன்னாடியே தூக்கிட்டு வந்து வச்சேன். அதைத்தான் எழுதணும் நீங்க."

எழுதுகிறேன். அவள் மர ஸ்டூலை இரண்டு கைகளாலும் சத்தமில்லாமல் தூக்கி, அவனுக்கு ஒரு கை தூரத்தில், சற்று வலப்பக்கமாக வைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணா, இங்க வந்து பாரேன். இடது விளக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அவன் வந்தான். ஸ்டூல் முழங்காலில் இடித்து உருண்டது. அவன் பம்பரைப் பிடித்துச் சமாளித்தான்.

"யாரு இங்க ஸ்டூல வச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"இப்பத்தான். நீ நின்னுட்டிருக்கும்போதே."

அவன் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"எத்தனை நாளாண்ணா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." நிமிராமலே பேசினான். "நடுவுல நல்லாத் தெரியுது பாப்பா. போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டித்தான் லைசென்ஸ் புதுப்பிச்சேன். ஏமாத்தல. ஓரம்தான் இல்ல. குழாய் வழியா பாக்குற மாதிரி. பகல்ல பரவாயில்ல. பொழுது சாஞ்சா குழாய் இன்னும் சின்னதாயிடுது."

"நாலு மணி லோடு போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்."

"அதுக்குத்தானே விளக்கு கேக்குறேன்! ஒயரைச் சேரு. எனக்கு அந்த ரோடு தெரியும்."

6

இங்கே ஒரு எழுத்தாளனுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் தனி சுவிட்சில் சேர்த்துக் கொடுக்கிறாள். பாசம். அவன் போகிறான். அப்புறம் விபத்து. [விபத்தில் யாரைக் கொல்வது என்று யோசித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.]

ஆ) கட்டிங் பிளேயரால் எல்லா ஒயர்களையும் நறுக்கிவிடுகிறாள். பார்க்க நன்றாக இருக்கும். [இரண்டரை மணி நேர வேலையை யாராவது நறுக்குவார்களா சார் என்று கேட்டாள்.]

இ) நிறுவனத்துக்கு போன் செய்து காட்டிக்கொடுக்கிறாள். [போனைக் கையில் எடுத்தது உண்மை. நம்பர் போடவில்லை.]

நடந்தது வேறு.

7

அவள் கேபினில் ஏறிச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"ஷட்டர் வரைக்கும் போய் நீயே தூக்கு. எதையும் தொடாம போகணும். போயிட்டா சாவியைத் தர்றேன்."

உருண்ட ஸ்டூலை இந்த முறை அவளே ஓரமாக எடுத்து வைத்தாள். அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவன் தடுமாறி நிற்பான், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவன் கேபின் கதவுக்குத் திரும்பி வந்து, அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான். லாரியின் நீளத்துக்கும் நேராக நடந்தான். டூல் பெட்டியை ஒதுங்கித் தாண்டினான். ஷட்டருக்கு முன்னால் போய் நின்று குனிந்தான். கை நேராகக் கைப்பிடியில் போய் விழுந்தது. ஒரே தூக்கு. பகல் வெளிச்சம் மொத்தமும் உள்ளே கொட்டியது.

அவள் தோற்றுவிட்டாள். சாவியை நீட்டினாள், வேறென்ன செய்வாள்?

அவன் வாங்கவில்லை.

"எண்ணி வச்சிருந்தேன்" என்றான். "காலையில வண்டியை விட்டு இறங்கி நடந்தப்பவே. கேபின் கதவுலேருந்து ஷட்டருக்குப் பதினாறு காலடி. டூல் பெட்டி ஒம்பதாவது காலடியில."

"ரோட்டையும் அப்படித்தான் ஓட்டுறியா?"

"பதினோரு வருஷம்டி. எண்ணவே வேணாம்."

"ஸ்டூல்?"

அவன் அவளைத் தாண்டிக்கொண்டு போய்க் கேபினில் ஏறினான். கோபித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவன் சீட்டுக்குப் பின்னால் துழாவி ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினான். மஞ்சள் நிறத் தண்ணீர் கேன். ஒரு பக்கம் நசுங்கிக் கிழிந்திருந்தது.

"போன வியாழக்கிழமை. ரெண்டாவது பாலம் தாண்டி வளைவுல. அப்பத்தான் இருட்டிக்கிட்டு வருது. இடது பக்கம் ஏதோ தட்டுச்சு. சத்தம்தான் கேட்டுச்சு, ஒண்ணும் பாக்கல. நிறுத்தி இறங்கினேன். டார்ச் அடிச்சா அடிச்ச இடம் மட்டும்தான் தெரியுது. கூப்பிட்டேன். ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன் பாப்பா. யாரும் குரல் கொடுக்கல. மறுநாள் திரும்பி வரும்போது பகல்ல நிறுத்திப் பாத்தா இது பள்ளத்துல கெடந்துச்சு. வேற எதுவும் இல்ல. ரத்தம் கித்தம் எதுவும் இல்ல. கேன் மட்டும்தான்."

அவள் கேனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது. கையை அறுக்காமல் இருக்க யாரோ சுற்றியது. துணி நாள்பட்ட பிடியில் கறுத்து வழவழத்துப் போயிருந்தது.

"கேன் தானா நடந்து ரோட்டுக்கு வராதுண்ணா."

அவன் உருட்டிவிட்டிருந்த அந்த ஸ்டூலிலேயே போய் உட்கார்ந்தான். அவன் கண்களில்—

[இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

கொஞ்ச நேரம் கழித்து அவனே போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினான். "சார், ஒயரிங் வேலை இழுத்துக்கிச்சு. நாலு மணிக்கு ஆகாது. வேற வண்டி அனுப்பிடுங்க. ஆமா சார், தங்கச்சி கடைதான். என்ன பண்றது, லேட் பண்ணிட்டா."

"இருபது வருஷத்துல ஒரு வண்டியைக்கூட நேரத்துக்குத் தராம இருந்ததில்ல நான்" என்றாள் என்னிடம். "அன்னிக்கு ஒரு கெட்ட பேரு வாங்கிக்கிட்டேன், போகட்டும்."

ஆனால் வேலை முடிந்திருந்தது. மூன்றரை மணிக்கு அவள் அந்த மெல்லிய ஒயரை ஹை பீமில் சேர்த்து, கடிக்க வைத்து, டேப் சுற்றினாள். விளக்குகளை முன்பக்கம் பார்க்கத் திருப்பி இறுக்கினாள். இனி அந்த வண்டியை யார் எடுத்தாலும், டிப் செய்தால் அணையும்.

8

பிறகு நடந்தவற்றைச் சுருக்கிவிடுகிறேன். கண் மருத்துவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு அண்ணனே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னான். லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தான். மூன்று மாதம் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறான். அந்தச் சாலைக்குப் புதிதாகப் போகிற ஓட்டுநர்கள் அவனுக்கு போன் போட்டுப் பள்ளங்களைக் கேட்கிறார்கள். பதில் சொல்லும்போது கொஞ்சம் அலட்டிக்கொள்கிறானாம்.

என்னைச் சேற்றில் தள்ளிய லாரி அவனுடையதா என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். எனக்கும் இருந்தது. தேதி ஒத்துவரவில்லை. நான் சேற்றில் நின்றபோது அவன் வண்டி ஓட்டுவதையே விட்டிருந்தான். என்னைத் தள்ளியவன் வேறு யாரோ. அவனுக்கும் ஒரு காரணம் இருக்கலாம், வெறும் திமிராகவும் இருக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். ஷட்டர் தூக்கிய அந்த நாளுக்கு மறுநாள் காலை. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

9

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். அவள் பக்கத்தில் அவன் உட்காரவில்லை. இரண்டு சீட் முன்னால், கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் கேனைப் பார்த்து, "இதுல ஓட்டை இருக்கே, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றான்.

இரண்டாவது பாலத்தில் இறங்கினார்கள். வளைவில் சாலையோரம் ஒரு குழாயடி. அங்கிருந்து உள்ளே போகிற மண்பாதையில் ஏழெட்டு வீடுகள். பதினோரு வருடங்களாக அவன் கடந்துபோன இடம்தான். அங்கே வீடுகள் இருப்பதே தனக்குத் தெரியாது என்று அன்று காலையில் முதல் முறையாகத் தங்கையிடம் வாய் திறந்தான்.

முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில், எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கேனை உயர்த்திக் காட்டினான்.

"இது உங்க வீட்டுதாம்மா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப்பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

ரிலே அக்கா டெஸ்ட் லாம்ப்பின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இதுவரைக்கும் எங்க வீட்டுக் கதை சார். அண்ணன் சொல்லலாம்னான், சொல்லிட்டேன். அதுக்கு மேல அந்த வீட்டுக்காரங்க கதை. அவங்களை நான் கேக்கலையே."

எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். அசையவில்லை. வளைவும் பாலமும் எங்கே என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். கற்பனையில் நானே எழுதிவிடலாம்தான். மகிழ்ச்சியான ஒரு முடிவும் வேறொரு முடிவும் மேசை இழுப்பறையில் தயாராக இருக்கின்றன. இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன, அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகையால் இங்கே நிறுத்துகிறேன். அந்தப் பெண் கூப்பிட்டாயிற்று. உள்ளே கட்டில் கிரீச்சிடுகிறது. யாரோ எழுந்து வருகிறார்கள். அண்ணன் கேனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்க்காமல், தலையைச் சாய்த்துக் காலடிச் சத்தத்தைக் கேட்கிறான். அது வழக்கமான நடையா, ஒரு காலை இழுத்து இழுத்து வருகிற நடையா என்று நான் எழுதப்போவதில்லை.

நீங்களும் கேளுங்கள்.